சம்ப் முதல் ஆர்.ஓ. குழாய் வரை: குடிநீர் வழியில் படியும் கொழகொழப்பை எடுப்பது எப்படி

ஆர்.ஓ. மெஷினின் சேமிப்புத் தொட்டி மூடியைக் கழற்றி, உள்சுவரில் விரலை வைத்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள். பளிச்சென்று தெரியும் சுவர் விரலுக்கு வழுக்கினால், அங்கே நுண்ணுயிர்ப் படலம் குடியேறிவிட்டது. நிறம் இருக்காது, வாடையும் பெரும்பாலும் இருக்காது. தண்ணீர் தெளிவாகத்தான் வரும். டி.டி.எஸ். மீட்டரும் 60 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். அது தண்ணீரில் கரைந்த உப்பைக் கணக்கிடும் கருவி. பாக்டீரியாவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

தண்ணீரில் மிதந்து வரும் பாக்டீரியா ஈரமான சுவரில் சில மணி நேரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் தன்னைச் சுற்றி ஒரு பசையைச் சுரக்கும். மாவுச்சத்து போன்ற பொருள்களும் புரதமும் சேர்ந்த பசை அது. அதற்குள் கூட்டமாக வளரும். பத்துப் பதினைந்து நாளில் கைக்குத் தட்டுப்படும். அவ்வப்போது ஒரு துணுக்கு பெயர்ந்து குழாயோடு வந்து டம்ளரில் விழும்.

மேலே குளோரின் ஊற்றினால் என்ன ஆகும்? குளோரின் பசையின் மேற்பரப்போடு வினைபுரிந்து அங்கேயே தீர்ந்துபோகும். அடியில் இருப்பவை தப்பிக்கும். செத்துப்போனவை உயிரோடு இருப்பவைக்கு உணவாகும், ஒட்டிக்கொள்ள இடமும் தரும். பிளீச்சிங் பவுடர் போட்ட டேங்க் ஒரே வாரத்தில் மறுபடி வழுக்குவது இதனால்தான். முதலில் பிரஷ், பிறகு மருந்து. இந்த வரிசை மாறினால் வேலை வீண்.

பாசியையும் படலத்தையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பச்சையாகத் தெரிவது பாசி. அதற்கு வெயில் வேண்டும். கறுப்பு உள்ளடுக்கு வைத்த டேங்க் வாங்கி மூடியை ஒழுங்காக மூடினால் அது அடங்கும். படலத்துக்கு வெளிச்சமே தேவையில்லை. இருட்டுப் பைப்புதான் அதற்குச் சௌகரியம். போர் தண்ணீர் வரும் வீடுகளில் செம்மண் கூழ் போலப் படிவது இரும்பு பாக்டீரியாவின் வேலை. அடியில் கறுப்புச் சேறும் அழுகிய முட்டை வாடையும் இருந்தால், காற்றுப் புகாத இடத்தில் வளர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும் வகை. வாஷ்பேசின் ஓரத்தில் ரோஸ் நிறமாகப் படர்வது பெரும்பாலும் செராஷியா என்ற பாக்டீரியா.

இவற்றில் பெரும்பாலானவை நல்ல உடல்நிலையில் இருப்பவரை ஒன்றும் செய்யாது. ஆனால் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவும், காசநோய்க் கிருமியின் உறவுக்கார மைக்கோபாக்டீரியாக்களும் இதே படலத்தில்தான் வசிக்கின்றன. வீட்டில் கைக்குழந்தையோ, கீமோ எடுப்பவரோ, சிறுநீரக மாற்று செய்துகொண்டவரோ இருந்தால் இதை அலட்சியமாக விடக் கூடாது. அவர்களுக்கு, மெஷின் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரே பாதுகாப்பு.

எங்கே வளர்கிறது

கார்ப்பரேஷன் தண்ணீர் கொஞ்சம் குளோரினோடு வருகிறது. குளோரின் போட்ட தண்ணீராக இருந்தால் நுகர்வோர் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 10500:2012 என்ற இந்தியக் குடிநீர்த் தரம். அந்தத் தண்ணீர் சம்ப்பில் ஒரு நாள், மொட்டைமாடி டேங்க்கில் ஒரு நாள் நிற்கிறது. மே மாத வெயிலில் டேங்க் தண்ணீர் கொதிக்காத குறைதான். சூட்டில் குளோரின் வேகமாகக் காணாமல் போகும், பாக்டீரியா வேகமாகப் பெருகும். போர், லாரித் தண்ணீரில் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே குளோரின் இருக்காது.

மிச்சம் மீதியையும் ஆர்.ஓ. மெஷினின் கார்பன் ஃபில்டர் நீக்கிவிடும். அதைக் குறை சொல்ல முடியாது. உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேனின் பாலிஅமைடு அடுக்கைக் குளோரின் அரித்துவிடும் என்பதால்தான் கார்பனை அங்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் கார்பனைத் தாண்டியபின் டம்ளர் வரை குளோரின் காவல் இல்லை. கார்பன் துகளுக்கு உள்ளே நுண்துளைகள் ஏராளம். அதில் ஒட்டிய கரிமப் பொருள் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. ஆக, மெஷினுக்குள் படலம் முதலில் செழிப்பது கார்பனிலும், அதற்கு அடுத்த மெம்பரேன் முகப்பிலும்தான். யூ.வி. (புறஊதா) விளக்கு தன் முன்னால் ஓடும் தண்ணீரில் இருப்பதைக் கொல்லும். தாண்டிப் போனபின் அதன் ஆட்சி செல்லாது. விளக்குக்குப் பிறகு வரும் ட்யூப், சேமிப்புத் தொட்டி, குழாய் மூக்கு மூன்றும் திறந்த வீடு.

ஆகவே சுத்தம் செய்வதைத் தண்ணீர் நுழையும் முனையிலிருந்து தொடங்குங்கள்: சம்ப், டேங்க், பைப், கடைசியாக ஆர்.ஓ. மெஷின். மெஷினை மட்டும் பளபளக்கத் தேய்த்துவிட்டு டேங்க்கை விட்டுவைத்தால், அடுத்த மாதமே பழைய கதை.

மருந்துக் கணக்கு

கடையில் வாங்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் பாட்டிலில் சதவீதம் பாருங்கள். வாசனை, நிறம், கெட்டிப்படுத்தும் சோப்பு எதுவும் சேர்க்காததாக இருக்க வேண்டும். தயாரித்த தேதி மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஏனென்றால் அலமாரியில் இருக்கும்போதே அது வலு இழக்கும். பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது 33 சதவீதம் வரை குளோரின் கொண்டது. ஈரக்காற்று பட்டுக் கட்டிகட்டியாக ஆன மூட்டையை நம்ப வேண்டாம். கணக்குக்கு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

சுவர் கழுவ லிட்டருக்கு 200 மி.கி. குளோரின் வேண்டும். 10 லிட்டர் பக்கெட்டுக்கு 5 சதவீத ஹைப்போ 40 மி.லி., அல்லது பவுடர் 7 கிராம். பைப்பில் நிறுத்திவைக்க லிட்டருக்கு 50 மி.கி. போதும். 1000 லிட்டருக்கு ஹைப்போ 1 லிட்டர், அல்லது பவுடர் 170 கிராம். ஆர்.ஓ. தொட்டிக்கு 100 மி.கி.: 10 லிட்டருக்கு ஹைப்போ 20 மி.லி. பாட்டிலில் 10 சதவீதம் என்று இருந்தால் ஹைப்போ அளவெல்லாம் பாதி.

பவுடரை அப்படியே டேங்க்கில் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, கால் மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அது டேங்க்குக்குள் போனால் நீங்களே ஒரு புதுப் படிவை உருவாக்கியதாகும்.

இதோடு டாய்லெட் ஆசிட், வினிகர், எலுமிச்சை உப்பு எதையும் சேர்க்கக் கூடாது. அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய டேங்க்குக்குள் அது ஆளைச் சாய்த்துவிடும். உப்புக் கறையை ஆசிட்டால் எடுக்க வேண்டியிருந்தால் அதை முதல் நாளே செய்து, நன்றாக அலசிவிட்டு, மறுநாள் குளோரின் வேலைக்கு வாருங்கள்.

சம்ப்பும் டேங்க்கும்

சம்ப்பில் ஆள் இறங்குவது விளையாட்டு இல்லை. மூடியே கிடந்த நிலத்தடித் தொட்டியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். மெழுகுவர்த்தி எரிகிறது என்பது பாதுகாப்புக்குச் சாட்சி ஆகாது. மூடிகளைத் திறந்துவைத்து ஊதுவிசிறியால் காற்றை உள்ளே செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே கண் எடுக்காமல் ஒருவர். உள்ளே ஆள் விழுந்தால் மேலே இருப்பவர் குதிக்கக் கூடாது, கயிற்றால் இழுக்க வேண்டும். மோட்டார் மெயினை அணைத்து ஃபியூஸையும் பிடுங்கிவிடுங்கள். பெரிய சம்ப்புக்கு ஹை பிரஷர் வாட்டர் ஜெட் வைத்திருக்கும் ஆட்களைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம்.

டேங்க்கைக் காலி செய்து அடிச்சேற்றை மக்கால் அள்ளி, துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு நைலான் பிரஷ். கம்பி பிரஷ்ஷும் ஸ்டீல் நாரும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் அவை போடும் கீறல் ஒவ்வொன்றும் அடுத்த படலத்துக்கு ஒதுங்க இடம். மேலிருந்து கீழே தேயுங்கள். தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும் வளையம், மூடியின் உள்பக்கம், ஃப்ளோட் பந்தின் கை, பைப் நுழையும் ஓரம் ஆகிய இடங்களைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். படலம் தடித்திருப்பதும் அங்கேதான். விரல் வைத்தால் கரகரவென்று இருக்கும்வரை தேய்த்து, அலசி, அழுக்குத் தண்ணீரை வெளியேற்றிய பிறகே 200 மி.கி. கரைசலைப் பிரஷ்ஷால் பூசுங்கள். சுவர் அரை மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் மறுபடி பூசுங்கள்.

இதைச் செய்யும்போது முகமூடி, கண்ணாடி, கையுறை அவசியம். டேங்க்குக்குள் தலையை விட்டுப் பூச வேண்டாம். நீளக் கைப்பிடி பிரஷ் போதும்.

பிறகு டேங்க்கைப் பாதி நிரப்பி, பைப்புக்கான மருந்தைக் கலந்து, முழுதும் நிரப்புங்கள். அதற்குமுன் வீட்டுக்குள் ஆர்.ஓ. இன்லெட், கீசர் இன்லெட், வாஷிங் மெஷின் இன்லெட் மூன்றையும் மூடியாயிற்றா என்று பாருங்கள். மீன் தொட்டிக்கு இந்தத் தண்ணீர் ஒரு டம்ளர்கூடப் போகக் கூடாது. ஒவ்வொரு குழாயாகத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். டேங்க்கிலிருந்து மிகத் தூரத்தில் இருப்பதை மறக்காதீர்கள். யாரும் திறக்காத விருந்தினர் பாத்ரூம் குழாயும் பழைய இணைப்பை அடைத்துவிட்ட செத்த முனையும்தான் படலத்தின் கோட்டை. முடிந்தால் செத்த முனைகளை அறுத்து எடுத்துவிடுங்கள்.

ஆறு மணி நேரம் போதும். இரவு முழுக்க நிறுத்துவது இன்னும் நல்லது. போர் தண்ணீரின் பி.ஹெச். (அமில-கார அளவு) 8-க்கு மேல் இருந்தால் இரவு முழுக்க நிறுத்தியே ஆக வேண்டும். பி.ஹெச். 7.5-ல் குளோரினில் பாதி கொல்லும் திறன் அதிகமான வடிவில் இருக்கும். 8.5 ஆகும்போது அது பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். இரும்புச்சத்துள்ள தண்ணீர் குளோரின் பட்டதும் டீத்தண்ணி நிறம் ஆகும். பயப்பட வேண்டாம், கரைந்திருந்த இரும்பு துருவாக வெளிவருகிறது. ஆனால் அது குளோரினைச் சாப்பிடுவதால் வாடை போய்விட்டால் இன்னும் கொஞ்சம் மருந்து சேர்க்க வேண்டிவரும்.

காலையில் இந்தத் தண்ணீரை எங்கே விடுவது? அடுக்குமாடியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மொத்தமாக அங்கே விடாதீர்கள். அந்த நிலையத்தை நடத்துவதே பாக்டீரியாதான், அவையும் சாகும். திறந்த தொட்டியில் ஓரிரு நாள் வெயில் பட வைத்தால் குளோரின் போய்விடும். பிறகு தரை கழுவலாம்.

புதுத் தண்ணீர் விட்டு எல்லாக் குழாயையும் ஓட்டி, நுனியில் திருகியிருக்கும் சல்லடைகளைக் கழற்றிக் கழுவுங்கள். பெயர்ந்த கொழகொழப்பும் துருவும் அங்கே வந்து அடைத்திருக்கும். முதல் மூன்று நான்கு நாள் சின்னச் சின்னத் துணுக்கு வருவது இயல்பு. ஆர்.ஓ. இன்லெட்டை அதுவரை திறக்காமல் இருந்தால் ஃபில்டர் பிழைக்கும்.

ஆர்.ஓ. மெஷின்

குளோரின் தண்ணீரை மெம்பரேன் வழியாக ஓட்டவே கூடாது. ஒருமுறை ஓட்டினாலும் பாலிஅமைடு அடுக்கு சேதமாகும். பிறகு டி.டி.எஸ். மெல்ல ஏறிக்கொண்டே போகும், எந்தக் கழுவலும் அதைச் சரிசெய்யாது. எனவே முதல் வேலை எல்லாவற்றையும் கழற்றுவது.

1. இன்லெட்டை மூடி, கரண்டை எடுத்து, சேமிப்புத் தொட்டியைக் காலி செய்யுங்கள். கழற்றுமுன் ட்யூப் இணைப்புகளைப் போட்டோ எடுத்துக்கொள்வது பின்னால் தலைவலி தவிர்க்கும்.

2. ஸ்பன், செடிமென்ட், கார்பன், போஸ்ட் கார்பன் ஃபில்டர்கள் எல்லாவற்றையும் எடுங்கள். வழுவழுப்பு பிடித்த ஃபில்டரைக் கழுவித் திரும்ப மாட்டுவது சிக்கனம் இல்லை. மெம்பரேனை மீண்டும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், காயவிடாமல் சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரோடு புதுக் கவரில் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் அல்ல.

3. மெம்பரேனின் முகப்பைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். வழுவழுப்பும் சேற்று வாடையும் இருந்தால் படலம். வெள்ளையாக, நகத்துக்குச் சொரசொரப்பாக இருந்தால் உப்புப் படிவு. படலம் பிடித்தால் முதலில் தண்ணீர் வரத்துதான் குறையும், டி.டி.எஸ். கொஞ்ச நாள் நன்றாகவே இருக்கும். வீட்டு மெம்பரேனில் படலத்தைக் கழுவி எடுக்கும் முயற்சி பெரும்பாலும் பலிப்பதில்லை. மாற்றிவிடுவதே மேல்.

4. ஃபில்டர் உறைகளான ஹவுசிங்குகளைப் பாத்திர சோப்பும் புது பிரஷ்ஷும் கொண்டு தேயுங்கள். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தைக் கழற்றி அதன் பள்ளத்தையும் துடையுங்கள். திரும்பப் போடும்போது உணவுத்தர சிலிக்கான் கிரீஸ் மட்டும். வாசலினும் தேங்காய் எண்ணெயும் சில வகை ரப்பரை உப்பவைக்கும். எண்ணெய் பாக்டீரியாவுக்கு உணவாகவும் ஆகும்.

5. சேமிப்புத் தொட்டியில் ஃப்ளோட்டை எடுத்து, மூலைகளையும் குழாய் துளையையும் மெல்லிய ஸ்பாஞ்சால் தேயுங்கள். குழாயையே திருகிக் கழற்றி உள்ளே பட்ஸ் விட்டுப் பாருங்கள். பல வீடுகளில் மொத்த மெஷினிலும் மிக மோசமான இடம் அந்த அரை அங்குல மூக்குதான். கை படும், காற்றுப் படும், எப்போதும் ஈரம். பிறகு 100 மி.கி. கரைசலை நிரப்பி, குழாய் வழியே கொஞ்சம் விட்டு மூடி, அரை மணி நேரம் நிறுத்துங்கள்.

6. மெம்பரேனுக்கும் தொட்டிக்கும் இடையே போகும் கால் அங்குல ட்யூப்பைக் கழுவ மெனக்கெட வேண்டாம். அடிக்கணக்கில் மலிவாகக் கிடைக்கும், மாற்றிவிடுங்கள்.

7. தொட்டியை இரண்டு மூன்று தடவை கொதித்து ஆறிய தண்ணீரால் அலசி, வாடை சுத்தமாகப் போனபின் மாட்டுங்கள். புதுக் கார்பனிலிருந்து வரும் கறுப்புத் தண்ணீரை மெம்பரேனுக்குள் விடாமல் பத்து நிமிடம் வெளியே ஓட்டுங்கள். புது மெம்பரேன் என்றால் முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதில் பாதுகாப்பு மருந்து இருக்கும்.

யூ.வி. விளக்கு நீலமாக எரிவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. 8000 முதல் 9000 மணி நேரத்தில் அது தளர்ந்துவிடும், நீலம் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். விளக்கு கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் வகை என்றால் அந்தக் குழலில் படியும் வெண்மையையும் துடைக்க வேண்டும்.

ஸ்பன் மூன்று மாதம், கார்பன் ஆறு மாதம், சேமிப்புத் தொட்டி கழுவல் மூன்று மாதம் என்பது சென்னை மாதிரிச் சூட்டுக்குச் சரியான இடைவெளி. மூன்று நாளுக்கு மேல் ஊருக்குப் போனால் தொட்டியைக் காலி செய்து மெஷினை அணைத்துவிட்டுப் போங்கள். திரும்பியதும் முதல் இரண்டு தொட்டித் தண்ணீர் பாத்திரம் கழுவ.

குடியிருப்பின் பொது ஆர்.ஓ. பிளான்ட்

மணிக்கு 500 லிட்டர் தரும் பிளான்ட்டில் மெம்பரேன் விலை அதிகம், கழுவுவது லாபம். ஒரே வெப்பநிலைக்குச் சரிசெய்து பார்க்கும்போது நல்ல தண்ணீர் வரத்து 10 சதவீதம் குறைந்தாலோ, மெம்பரேனுக்கு முன்பின் அழுத்த வேறுபாடு 15 சதவீதம் ஏறினாலோ உடனே கழுவ வேண்டும். பாதியாகக் குறையும்வரை காத்திருந்தால் படலம் இறுகிவிடும், எதற்கும் அசையாது.

இங்கே நடக்கும் பெரிய தவறு, எடுத்ததும் ஆசிட் விடுவது. படலத்துக்கு முதலில் காரம். 100 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் காஸ்டிக் சோடா 100 கிராம் வரை, பி.ஹெச். 12-ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்ற சோப்புப் பொருள் 25 கிராம் சேர்க்கலாம். சூடு 30 டிகிரிக்குள். குறைந்த அழுத்தத்தில் அரை மணி நேரம் சுற்றவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, மறுபடி சுற்றுங்கள். பழுப்பாக வரும் முதல் தண்ணீரைத் திரும்பத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றுங்கள். நன்றாக அலசிய பிறகு, உப்புப் படிவும் இருந்தால் 2 சதவீத சிட்ரிக் அமிலம். உங்கள் மெம்பரேனின் தரவுத்தாளில் வேறு எல்லை போட்டிருந்தால் அதுதான் சட்டம். கையில் கிடைத்த ஃபினாயிலும் கிருமிநாசினியும் உள்ளே போகக் கூடாது. அவற்றில் உள்ள சில வகைச் சோப்புகள் மெம்பரேனில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

கேனும் பானையும்

20 லிட்டர் கேன் மாட்டும் டிஸ்பென்சரில் கேன் மாறுகிறது, உள்தொட்டி மாறுவதில்லை. மாதம் ஒருமுறை ஆர்.ஓ. தொட்டிக்குச் சொன்ன அதே முறை. மண்பானைக்குச் சோப்பும் பிளீச்சும் வேண்டாம், மண் உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரால் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, முழு நாள் வெயிலில் கவிழ்க்காமல் காயவையுங்கள். இரண்டு பானை வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இது சுலபம். செம்புக்குடம் தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் அதிலும் படலம் வரும். புளி போட்டுத் தேய்த்த செம்புதான் வேலை செய்யும்.

சுத்தம் ஆனதா என்று தெரிந்துகொள்ள

ஒரு வாரம் கழித்து மறுபடி விரல் சோதனை. பிறகு ஆய்வகம்: சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்கள். அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், உள்ளே இருக்கும், குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட்டைக் கழுவிவிடக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சேருங்கள். 100 மி.லி.யில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா இருக்கவே கூடாது என்பது தரம்.

ஒரு மாதிரி போதாது, இரண்டு பிடியுங்கள். ஆர்.ஓ. இன்லெட்டுக்கு முன்னால் ஒன்று, குடிக்கும் குழாயில் ஒன்று. மொத்த பாக்டீரியா எண்ணிக்கையையும் கேளுங்கள். இன்லெட்டில் குறைவாகவும் குழாயில் அதிகமாகவும் வந்தால் படலம் மெஷினுக்குள் இருக்கிறது. இரண்டிலும் அதிகம் என்றால் டேங்க்குக்குத் திரும்புங்கள். ஈ.கோலை வந்திருந்தால் அது வெறும் படலப் பிரச்சினை இல்லை, சாக்கடை எங்கோ கலக்கிறது. சம்ப்பின் சுவர் விரிசலையும் பக்கத்துச் செப்டிக் டேங்க்கையும் பாருங்கள். அது சரியாகும்வரை தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.